ஜூலேலால் முன்னே முந்தானை ஏந்தி

போன வருஷம் என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது, பக்கத்து வீட்டு சிந்தி ஆன்ட்டி என்னிடம்கூடச் சொல்லாமல் சிந்திக்காரர்களின் தெய்வமான ஜூலேலாலிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். என் கணவர் நல்லபடியாக வீடு திரும்பிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. "சாலிஹா விரதம் முடியறதுக்குள்ள உல்ஹாஸ்நகர் கோயிலுக்குப் போய்ட்டு வா மகளே, என் முட்டி இடம் கொடுக்கலை" என்றார். எங்களுக்காக நேர்ந்துகொண்டது, நான் போகாமல் யார் போவது?

மும்பை பக்கத்தில் எங்கள் டோம்பிவிலியில் ரயில் ஏறி விட்டல்வாடியில் இறங்கினேன். ஆகஸ்ட் மழை. 40 நாள் விரதத்தின் கடைசி வாரம் என்பதால் ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். ஐந்தாம் கேம்ப் போவதற்குள் இரண்டு பேரிடம் சண்டை போட்டாயிற்று. கோயில் வாசலில் அதைவிட மோசம். வரிசை என்று ஒன்றே இல்லை, என் செருப்பை யாரோ மிதித்து அறுத்தே விட்டார்கள்.

அந்த ஊரில் இன்றும் ஒன்று, இரண்டு என்று கேம்ப் நம்பர்தான் விலாசம். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களைக் கல்யாண் பக்கத்து ராணுவ முகாமில் தங்கவைத்தார்கள். ஏறக்குறைய 1 லட்சம் பேர். 1949 ஆகஸ்ட் 8 அன்று நம் ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக வந்து உல்ஹாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டினார். ஆன்ட்டி வரும்போது நாலு வயசு. பாரக்கில் சாக்குத் துணியைக் கட்டி மறைத்து, அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் இவர்கள் என்று இருந்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

உள்ளே எரியும் ஜோதி சிந்துவிலிருந்து கொண்டுவந்தது என்கிறார்கள். வீடு, நிலம், கடை எல்லாம் போன நேரத்தில் சுடரைக் கொண்டுவந்திருக்கிறார்கள்! அதைப் பார்த்ததும் வாசலில் பட்ட எரிச்சலெல்லாம் எங்கே போனதோ.

பல்லவ் என்கிற பிரார்த்தனையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் துப்பட்டா நுனியை, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்தினார்கள். ஒரு பாட்டியின் துப்பட்டா ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. கை நடுங்க நடுங்க அதை இறக்கவே இல்லை. எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அம்மா மடிப்பிச்சை எடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. நானும் ஏந்தினேன். மீன்மேல் அமர்ந்த அந்த வெள்ளைத்தாடி அப்பனிடம் கேட்க ஒன்றும் இல்லை, எல்லாம் கொடுத்தாயிற்றே. அழுகைதான் வந்தது. "ஆயோலால், ஜூலேலால்!" என்று கூட்டம் முழங்கியபோது என் குரலும் சேர்ந்துகொண்டது. அப்புறம் ஆன்ட்டி முடிந்து கொடுத்த அரிசியையும் சர்க்கரையையும் அவர் சொன்னபடியே தண்ணீரில் சேர்த்தேன்.

பிரசாதமாகத் தித்திப்பான தாஹிரி சாதம் கொடுத்தார்கள். ராத்திரி வீடு வந்ததும் அதை என் கணவர் கையிலேயே கொடுத்து ஆன்ட்டியிடம் அனுப்பினேன், பின்னாலேயே நானும் போனேன். கட்டிலில் இருந்தவர் கை நீட்டவில்லை. துப்பட்டா நுனியை விரித்து ஏந்திக்கொண்டார்.