கடல் தெரியும் அறை

"கடல் தெரியும் அறையா, தோட்டம் பார்த்த அறையா?"

உடலைச் சுத்திகரிக்கும் பஞ்சகர்மா சிகிச்சைக்காகக் கேரளத்தின் கோவளத்தில் ஓர் ஆயுர்வேத விடுதிக்கு இன்று காலை போன் செய்தபோது வந்த முதல் கேள்வி. இரண்டாவது, முன்பணம் எப்போது கட்டுவீர்கள்.

அடுத்து, அதே கேரளக் கடற்கரையில் வர்க்கலாவில் ஒரு விடுதி. எடுத்தவர் வைத்தியரே. இடுப்பு வலி எத்தனை வருடமாக, என்னென்ன மாத்திரை, பசி எப்படி, இரவில் எத்தனை முறை விழிப்பு என்று கேட்டுக்கொண்டே போனார். மறுமுனையில் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாள் விடுப்பு?"

"நான்கு."

சிரித்துவிட்டார். "நான்கு நாளில் எண்ணெய் தேய்த்து அனுப்பலாம். அதைப் பஞ்சகர்மா என்று சொல்ல மாட்டேன். விரேசனம் என்னும் பேதி சிகிச்சைக்கு முன்பு நெய் குடிக்கவே சில நாட்கள் வேண்டும். கர்க்கடக மாதத்தில் வாருங்கள். கடல் குளியலும் பகல் தூக்கமும் கிடையாது."

விடுமுறையின் இரண்டு சுகங்களும் அதோடு போயின!

நெற்றியில் எண்ணெய் ஒழுகக் கண்மூடிப் புன்னகைக்கும் பெண்ணின் படம் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. காலையில் நெய்க் கிண்ணத்தோடு விழிக்கும் முகத்தை எவரும் போடுவதில்லை. வருகிறேன் என்பவரை 'இப்போது வேண்டாம்' என்று சொல்லக்கூடிய இடம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கர்க்கடகம் என்பது நம் ஆடி. பதினான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.