கத்திரி வெயிலிலும் பறவைக்குப் பழம் இருக்க வேண்டும்

நர்சரிக்குப் போனால் கண் பூவின் நிறத்தில்தான் நிற்கும். பறவைக்காகச் செடி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இதுதான்: எந்த மாதம் பூக்கும், எந்த மாதம் பழுக்கும்? வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நாட்களிலும் தோட்டத்தில் ஒரு மரமாவது பழுத்திருக்க வேண்டும். முதலில் அதை முடிவு செய்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள்.

அதற்குத் தேன்பழ மரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. சிங்கப்பூர் செர்ரி என்று கேட்டாலும் தருவார்கள். பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்றாலும் நம் செம்மண்ணில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கி, அப்புறம் வருடம் முழுக்கப் பழம் இருக்கும். குயிலும் சின்னான் என்கிற புல்புல் குருவியும் பழத்தை முழுசாக விழுங்கிவிடும். பூங்கொத்தி என்கிற குட்டிக் குருவியின் வாய்க்கு அது பெரிது. அதனால் காம்பில் தொங்கும் பழத்திலேயே ஓட்டை போட்டு, உள்ளிருக்கும் கூழை உறிஞ்சிவிட்டுத் தோலை அப்படியே விட்டுவிடும். இந்த மரத்தின் கிளை காற்றில் முறியும். சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் 10 அடியாவது தள்ளி வையுங்கள்.

கறிவேப்பிலை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பழம்தான் இல்லை. பூங்கொத்து கிளை நுனியில் வரும். நாம் தாளிப்பதற்கு ஒடிப்பதும் அதே நுனியைத்தான். வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று ஒன்றைப் பிரித்துத் தனியாக நட்டு, அதில் கை வைக்காமல் விடுங்கள். கோடையில் பூத்து, ஆடி ஆவணியில் கறுப்பாகப் பழுக்கும். சின்னானும் குயிலும் தேடி வரும்.

தேன்சிட்டுக்குச் செம்பருத்தி வேண்டும், அதிலும் ஒற்றை அடுக்கு. அது பூவின் வாய் வழியாக நுழைவது குறைவு. பூவின் அடியில் அலகால் குத்தித் தேனை எடுத்துவிடும். அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு, தேன்சிட்டுக்கு அவ்வளவு உதவாது. முருங்கைப் பூவுக்கும் அது நன்றாக வரும், முருங்கைக்குத் தண்ணீரும் அதிகம் தேவையில்லை.

வெட்சி வைத்தால் ஒரு தொல்லை உண்டு. நம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதை ஊற்றிக்கொண்டே இருந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இளம் இலை மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாததுதான் காரணம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுவது இன்னும் நல்லது.

உண்ணிச்செடி வேண்டவே வேண்டாம். பறவை தின்று விதையைப் போகிற இடமெல்லாம் போடும். மலைக்காட்டில் நாட்டுச் செடிகளை அது எழும்பவே விடாது. ஆலும் அரசும் பறவைக்கு விருந்துதான், ஆனால் ஏரிக்கரையில் நட வேண்டியவை.

ஆடி, ஆவணி மழைக்குப் பின் நட்டால், ஐப்பசி மழையும் சேர்ந்து கிடைத்து, கோடைக்குள் வேர் இறங்கிவிடும். சரளை மண்ணில் 2 அடிக்கு 2 அடி குழி எடுத்து, இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு சேர்த்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூடு பிடித்து வேர் கருகும்.

பூச்சி மருந்து அடிக்காதீர்கள். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் புழுவும் சிலந்தியும்தான் ஊட்டும். மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். அதற்கும் போகாவிட்டால், ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து, சாயங்காலம் தெளித்தால் போதும்.