மூணாவது யூனிட்

ஜூலை 17

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் தரவுச் சரிபார்ப்பான டிவிவி-யிலிருந்து மறுபடியும் கேள்வி. 2.6.3-க்கு, அதாவது தேர்ச்சி சதவீதத்துக்கு, கொடுத்த பட்டியலில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்து தெளிவாக இல்லையாம். திரும்ப ஸ்கேன்.

ஜூலை 19

கருத்துப் படிவக் கட்டுகளை இன்றைக்குத்தான் பிரித்தேன். போன செமஸ்டர், துணைப்பாடப் புள்ளியியல். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் 5, 5, 5. சில பிள்ளைகள் வட்டம் போடக்கூடச் சோம்பி, மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்திருக்கிறார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆறு பேப்பர், பேப்பருக்கு இருபது கேள்வி, கடைசி பீரியட், வெளியே பஸ் உறுமுகிறது. நானாக இருந்தாலும் கோடுதான்.

ஒரு தாளில் மட்டும் வட்டமே இல்லை. பின்பக்கம் பென்சிலில்: "மூணாவது யூனிட் யாரும் நடத்தல."

துறையிலிருந்து வந்த எக்செல்லில் அந்தப் பேப்பரின் அட்டெயின்மென்ட், அதாவது பாடத்தின் நோக்கம் எவ்வளவு நிறைவேறியது என்ற கணக்கு, 3-க்கு 2.7.

ஜூலை 20

ராத்திரி தூக்கமே இல்லை. நடத்தாத யூனிட்டையும் சேர்த்து 2.7 எப்படி வரும்? காலையில் வினாத்தாளை எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பகுதி இ-யில் யூனிட்டுக்கு ஒரு கேள்வி. ஐந்தில் மூன்று எழுதினால் போதும். மூணாவது யூனிட்டான கோரிலேஷன், ரிக்ரஷன் பக்கமே போகாமல் ஒரு பிள்ளை நல்ல மார்க்கோடு வெளியே வந்துவிடலாம். இன்டர்னல் 25-இல் எல்லோருக்கும் இருபதுக்கு மேல். இதற்கும் மேலே ஒரு விதி: 60 சதவீதம் பேர் 60 மார்க் எடுத்தால் லெவல் 3. அந்த வரம்பை நாக் வைக்கவில்லை. கல்லூரிக் கூட்டத்தில், டீயும் தட்டுவடை செட்டும் வருவதற்குள், நாமே வைத்துக்கொண்டது.

கேள்விக்குப் பக்கத்தில் கே1, கே2, கே4 என்று சிந்தனை நிலைக் குறிகள் வேறு. கல்வியாளர் புளூம் 1956-இல் வகுத்த படிநிலை, இங்கே வினாத்தாளை டைப் செய்து முடித்தபிறகு ஒட்டும் லேபிள். "வரையறுக்க" என்ற வெறும் நினைவுக் கேள்விக்குப் பகுத்தாய்வு நிலையான கே4 போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 21

அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை.

ஜூலை 24

அந்தப் பேப்பர் எடுத்தவர் கெஸ்ட் லெக்சரர். பிப்ரவரியிலேயே நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000-க்கு மிகாமல் என்று யுஜிசி 2019-இலேயே சொன்னது. இங்கே கொடுத்த தொகையை எழுதக் கை கூசுகிறது. அவர் போனதும் அவருடைய பீரியட்கள் டைம்டேபிளில் 'லைப்ரரி' ஆகிவிட்டன.

பிரின்சிபாலிடம் சொன்னேன். "மேடம், ஒரு தாளை வச்சுக்கிட்டு என்ன பண்றது? சராசரி 4.6 இருக்குல்ல?"

அந்தத் தாளும் சேர்ந்த சராசரியா அது என்று ஆபீஸில் விசாரித்தேன். வட்டம் போடாததால் 'செல்லாதவை' கட்டில் கிடந்ததாம்.

ஜூலை 26

எழுதியது யார்? ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிற பெண்ணா? அசைன்மென்ட் நோட்டுகள் மேஜைமேலேயே இருக்கின்றன; கையெழுத்தை ஒத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். திறக்கவில்லை. நான் தேடினேன் என்று தெரிந்தால் அடுத்த முறை எவரும் பென்சிலைத் தொட மாட்டார்கள்.

ஜூலை 28

நாக்கின் மாணவர் திருப்தி சர்வே மெயில் பிள்ளைகளுக்கு நேராகவே போய்விட்டது. முதல் கேள்வியே, பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தினார்கள் என்பதுதான். 85 முதல் 100 சதவீதம், 70 முதல் 84, இப்படி இறங்கி 30-க்குக் கீழே வரை. ஐந்து யூனிட்டில் நான்கு என்றால் 80. இரண்டாவது கட்டம்.

வகுப்பு வகுப்பாகப் போய் "முதல் ஆப்ஷன், எல்லாத்துக்கும் முதல் ஆப்ஷன்" என்று ஓதிவிட்டு வருகிறார்கள். இருபதும் முடிந்தபிறகு 21-ஆவது ஒன்று உண்டு: கற்பித்தலை மேம்படுத்த மூன்று யோசனை, சொந்த வார்த்தையில். அதற்கும் மாதிரி விடை டைப் ஆகிறதாம்.

ஜூலை 31

நாக் குழு வருகைக்காகத் தூணுக்குத் தூண் பெயின்ட். பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கின. அட்டெண்டர் அண்ணன் சொல்கிறார், "இந்த வருசம் குகைக்குப் போக வேணாம் மேடம். வண்டி வேடிக்கை இங்கயே நடக்குது." குகை மாரியம்மன் பண்டிகையின் அலங்கார வண்டி ஊர்வலத்தைச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 2

பிள்ளைகளின் கருத்துகள்மேல் என்ன செய்தோம் என்ற நடவடிக்கை அறிக்கை. வழக்கமான வாசகம் தயாராகவே இருக்கிறது: 'கருத்துகள் பரிசீலிக்கப்பட்டு ஆவன செய்யப்பட்டது.' எந்த ஆண்டுக்கும் பொருந்தும், எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'துணைப்பாடப் புள்ளியியல் யூனிட் 3 நடத்தப்படவில்லை. சனிக்கிழமைகளில் நடத்தப்படும். பகுதி இ-யின் அமைப்பை மாற்றப் பாடத்திட்டக் குழு கேட்டுக்கொள்ளப்படும்.'

பிரின்சிபால் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. டிராயரில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மேட்டூர் போகணுமாம் அம்மாவுக்கு, இந்த இருமலோடு.

ஆகஸ்ட் 5

சனிக்கிழமை வகுப்பு. பாதிப் பேர்கூட வரவில்லை. "மேம், இதுக்கு மார்க் உண்டா?" இல்லை என்றதும் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

இருந்தவர்களிடம் போன ஆண்டு மார்க் பட்டியலை, பெயரும் எண்ணும் நீக்கி, கொடுத்தேன். படம் வரைந்தார்கள்: இன்டர்னல் ஒரு அச்சில், எக்ஸ்டர்னல் இன்னொன்றில். இன்டர்னல் பக்கம் அத்தனை புள்ளியும் 21-க்கும் 25-க்கும் நடுவில் நெரிந்து கிடந்தது. எக்ஸ்டர்னல் 12-இலிருந்து 70 வரை பரவியிருந்தது. கால்குலேட்டரைத் தட்டி ஆர், அதாவது கோரிலேஷன் அளவு, கண்டுபிடித்தார்கள்: 0.1 பக்கம். இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லாத மாதிரி.

"அப்ப இன்டர்னல் மார்க் எதைத்தான் மேம் காட்டுது?" என்றான் பின் பெஞ்சுக்காரன்.

ஒன்றரை மணி வரை ஒருத்தரும் பையைத் தூக்கவில்லை. ஏற்காட்டுப் பெண்ணும் இருந்தாள். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8

"மார்க் பட்டியலை எப்படிப் பிள்ளைங்க கையில குடுத்தீங்க?" என்று பிரின்சிபால் அறையில் கேட்டார்கள். பெயர் இல்லை என்றேன். "படம் இருக்குல்ல மேடம், அது வெளிய போனா?" அந்தப் படத்தில் அவர்களைப் பயமுறுத்தியது எது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 10

குழு வரும் தேதி தள்ளிப்போகலாம் என்கிறார்கள். டிராயரிலிருந்த தாள் திரும்பி வந்தது. முதல் வாக்கியமும் மூன்றாவதும் சிவப்பு மையில் அடிபட்டிருக்கின்றன. 'சனிக்கிழமைகளில் நடத்தப்படும்' மட்டும் நிற்கிறது, எதை என்று இல்லாமல். கீழே கையெழுத்து.

பகுதி இ-யைப் பற்றிப் பாடத்திட்டக் குழுவுக்குத் தனியாகவே எழுதிவிட்டேன். யூனிட் 3 கேள்வியைக் கட்டாயம் ஆக்கினால் முதல் வருஷம் தேர்ச்சி இறங்கும், 2.6.3-உம் இறங்கும், அதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். துறையில் இன்னும் இரண்டு கையெழுத்தாவது வேண்டும்.