கொஞ்சம் குலுங்கட்டும் தம்பி

பிக்கப்புக்கு சஸ்பென்ஷன் மாற்ற வருகிறவர்கள் இரண்டே ரகம். ஏற்றிக் கொடு என்பார்கள், இல்லையென்றால் மெத்தென்று ஆக்கிக் கொடு என்பார்கள். நன்றாக அமைந்துவிட்ட வண்டியைத் திரும்பக் குலுங்க வைக்க முடியுமா என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து அந்தப் பெரியவர் ஒருவர்தான். அதுவும் வண்டி அவருடையது இல்லை, மகனுடையது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதில் குழப்பம் இல்லை. ஏன் செய்தேன் என்று யோசிக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

சாமான் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் வந்தபோது 4 அங்குலம் ஏற்ற வேண்டும் என்ற முடிவோடுதான் வந்தார். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. பின்னால் தொட்டியை மூடுகிற கனோபி, டூல் டிராயர், தண்ணீர் டேங்க் எல்லாம் "வரப்போகுது". இந்த வரப்போகுது பேச்சை நான் நம்புவதே இல்லை. ஸ்பிரிங் என்பது இன்றைக்கு வண்டியில் இருக்கிற எடைக்குப் போடுவது. எப்போதும் 300 கிலோ சுமை இருக்கும் என்று கணக்குப் பண்ணிக் பின்னால் கனமான பட்டை ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, காலித் தொட்டியோடு ஓட்டினால் ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் துள்ளும். அப்புறம் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற ஷாக்கை எவ்வளவு விலை கொடுத்துப் போட்டாலும், அதில் எந்தத் திருகைத் திருகினாலும் அது போகாது. அதனால் எடை போட்டுக்கொண்டு வாருங்கள், முன் ஆக்ஸில் தனி, பின் ஆக்ஸில் தனி என்றேன். முணுமுணுத்தார், ஆனாலும் போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் பம்பர் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங், பின்னால் மிதமான பட்டை. கனோபி வந்த பிறகு ஒரு பட்டை சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

4 அங்குலத்திலிருந்து 2க்கு இறக்கியது என் சாமர்த்தியம் என்றே இப்போதும் நினைக்கிறேன். முன்பக்கம் தனித்தனியாக ஆடுகிற அமைப்பில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் 1 அங்குலத் தடிப்பில் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் ஏறும். இது தெரியாமல் 2 அங்குல ஸ்பேசரையே வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. 2 அங்குலத்தைத் தாண்டினால் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து அதன் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றை ஒன்று உரசும். மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கைத் தொடப் பார்க்கும். கேஸ்டர் என்கிற ஸ்டியரிங் அச்சின் சாய்வு குறைந்து, திருப்பின ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுக்கும். அதே நீள ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை இறுக்கி உயர்த்தினால், ஏறுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்திலிருந்து போவது. பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். இவ்வளவு சொல்லியும் அசையாதவர்களுக்கு 2016 வீடியோவைக் காட்டுவேன். ஸ்வீடனின் டெக்னிகன்ஸ் வார்ல்ட் என்ற கார் பத்திரிகை, குறுக்கே ஏதோ வந்துவிட்டது போலத் திடீரென்று விலகித் திரும்பும் சோதனை ஒன்றைச் செய்யும். அதில் டொயோட்டா ஹைலக்ஸ், கம்பெனி கொடுத்த உயரத்திலேயே, 60 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் இரண்டு சக்கரத்தில் ஏறி நின்றது. அதைப் பார்த்துவிட்டு 4 அங்குலம் கேட்பவர்கள் குறைவு. இவரும் 2க்குச் சம்மதித்தார்.

மாட்டுகிற அன்றைக்கு அப்பாவும் கூட வந்திருந்தார். அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவராம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, வண்டியைச் சுற்றிச் சுற்றியே நின்றார். ரப்பர் புஷ்களின் போல்ட்டையெல்லாம் கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி எடை விழுந்த பிறகு இறுக்கினேன். அதைப் பார்த்து ஒரு தலையாட்டல். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், அது அவருக்குத் தெரிந்திருந்தது. பின் ஆக்ஸிலிலிருந்து சேஸுக்குப் போகிற மெல்லிய கம்பி ஒன்றுக்கு நான் பிராக்கெட் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"அது எதுக்கு தம்பி?"

பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்று பார்த்துக்கொள்ளும் வால்வின் கம்பி அது. தொட்டியில் சுமை ஏறினால் சேஸ் இறங்கும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதலாகத் திறந்துவிடும். நாம் வண்டியை உயர்த்திவிட்டால் அந்த வால்வுக்கு எப்போதும் காலி வண்டி என்றே நினைப்பு. சுமையோடு போகும்போதும் பின் பிரேக்கைக் குறைத்தே விடும். அதனால் எவ்வளவு ஏற்றினோமோ அதற்கு ஏற்ப கம்பியின் பிடியையும் மாற்றி வைக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப பிரேக்கு பழைய மாதிரியே பிடிக்கும்?"

"பழைய மாதிரியே பிடிக்கும் ஐயா."

"அதவிட நல்லா ஆகாது?"

"ஆகாது."

பழைய டிரைவரின் ஆர்வம் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கிற யு போல்ட்டைத் திரும்ப இறுக்க வண்டி மறுபடி வந்தது. புதுப் பட்டை ஓடிப் பழகும்போது கொஞ்சம் படியும், ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். மகனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வழக்கமாகப் போகிற மண் ரோட்டில், அந்த அலை அலையாக வரி விழுந்த ரோட்டில், முன்பெல்லாம் பல் கிட்டித்துப் போகுமாம். இப்போது 80ல் போனாலும் ஒன்றுமே தெரியவில்லையாம். தெரியாதுதான். பழைய ஷாக்கில் அந்த மாதிரி ரோட்டில் கொஞ்ச நேரம் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும், ஷாக் கை விட்டுவிடும், ஓட்டுகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார். நான் போட்டதில் நைட்ரஜனையும் எண்ணெயையும் ஒரு பிஸ்டன் பிரித்து வைக்கிறது, தனி ரிசர்வாயரில் கூடுதல் எண்ணெய் இருக்கிறது. அவ்வளவு சுலபத்தில் தளராது. அதற்குத்தானே காசு.

மகன் பணம் கட்ட உள்ளே போனார். பெரியவர் என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இத கொஞ்சம் குலுங்குற மாதிரி வெச்சுக் குடுக்க முடியுமா?"

"ஏன் ஐயா, உங்களுக்கு உட்கார கஷ்டமா இருக்கா?"

"எனக்கு சுகமாத்தான் இருக்கு. அதான் சொல்றேன். முன்னாடி அந்த ரோட்டுல நாப்பதுக்கு மேல வண்டியே அவன விடாது. இப்ப எம்பதுல போறான், பேசிக்கிட்டே போறான். பிரேக்கு அதே பிரேக்குதான்னு நீங்கதான சொன்னீங்க. கொஞ்சம் குலுங்கட்டும் தம்பி."

"அவர்கிட்ட நீங்க சொல்லிப் பாக்கலாமே."

"நான் சொன்னா கேக்குற வயசா அவனுக்கு? வண்டி சொன்னா கேப்பான்."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்தேன். பின் ஷாக்கின் தண்டில் முன்பே ஒரு கேபிள் டை கட்டி விட்டிருந்தேன். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அதைத் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிடும், அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம். அது தண்டின் கடைசிக்குக் கிட்டப் போயிருந்தது. சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது போய் இடிக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரின் நுனியில் மண் துடைத்துப் போய், கறுப்பாகப் பளபளவென்று ஒரு வட்டம். காலித் தொட்டியோடு அங்கே போய் இடித்திருக்கிறது என்றால் என்ன வேகம் என்று கேட்கத் தேவையில்லை. ஷாக் எவ்வளவு கெட்டியாக அமுங்குவது என்று வைக்கிற கம்ப்ரஷன் திருகு, முழுக்க மூடின நிலையிலிருந்து எண்ணினால் 7ஆவது க்ளிக்கில் இருந்தது. அதை 4க்குக் கொண்டுவந்தேன், எண் குறையக் குறையக் கெட்டி. பின்னால் மட்டும் இல்லை, நாலு சக்கரத்துக்கும்.

மகன் வந்துவிட்டார். "என்னண்ணே பண்றீங்க?"

"பம்ப் ஸ்டாப்ல இடிச்சிருக்கு. கம்ப்ரஷன கொஞ்சம் கூட்டியிருக்கேன். முன்ன விட கெட்டியா தெரியும்."

"அப்ப இனிமே இடிக்காது? இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்னு சொல்லுங்க!" என்று சிரித்தார்.

பெரியவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. கேபிள் டை அங்கேதான் இருந்தது, இடித்தது உண்மை, இடித்தால் கம்ப்ரஷனைக் கூட்டுவது எந்தப் பட்டறையிலும் செய்கிற வேலை. ஆனால் பெரியவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பின்னால் மட்டும் ஒரு க்ளிக் இறுக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பியிருப்பேன். முன் ஷாக் இடித்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. முன்னால் கூட்டியது பெரியவருக்காக. அப்படியென்றால் அதை மகனிடம் சொல்லியிருக்க வேண்டும், வண்டியும் காசும் அவருடையது. உங்கள் அப்பா கேட்டார் என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும், க்ளிக் திரும்ப 7க்குப் போயிருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கு அந்தத் திருகில் பங்கு உண்டா இல்லையா? உயிர் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே என்று ஒரு நாள் தோன்றுகிறது. வேறு யாராவது, மகனின் நண்பர் ஒருவர் வந்து, அவருக்குத் தெரியாமல் இன்னும் மெத்தென்று ஆக்குங்கள் என்று கேட்டிருந்தால் விரட்டியிருப்பேனே என்று இன்னொரு நாள்.

இதில் வேடிக்கை, நான் செய்தது பெரியவருக்கு உதவியிருக்கவும் வாய்ப்பில்லை. அந்தத் திருகு பெரும்பாலும் ஷாக்கின் தண்டு மெதுவாக நகரும்போதுதான் வேலை செய்யும். வண்டி மெதுவாகப் போவதைச் சொல்லவில்லை, தண்டு நகரும் வேகத்தைச் சொல்கிறேன். வளைவில் சாய்வது, பிரேக் பிடித்தால் மூக்கு இறங்குவது இதெல்லாம் மெதுவான அசைவு. வரி விழுந்த ரோட்டில் தண்டு அடித்து அடித்துப் போய் வரும், அங்கே உள்ளே பிஸ்டனில் அடுக்கியிருக்கிற மெல்லிய தகடுகள்தான் முடிவு செய்யும், வெளித் திருகுக்கு அதிகம் பேச்சில்லை. ஆக அவர் பயப்படுகிற ரோட்டில் வண்டி ஏறக்குறைய அப்படியேதான் போகும். தார் ரோட்டு வளைவில் முன்பைவிடச் சாயாமல், இறுக்கமாக, இன்னும் நம்பிக்கை தருகிற மாதிரிப் போகும். மகன் சிரித்துக்கொண்டு சொன்னது ஒருவிதத்தில் சரியான கணக்கு.

உண்மையிலேயே குலுங்க வைக்க வேண்டுமென்றால் வழி இருந்தது. அமுங்கின ஷாக் திரும்ப விரிவதைக் கட்டுப்படுத்துகிற ரீபவுண்டை இறுக்கியிருக்கலாம். அமுங்கின சக்கரம் கீழே வருவதற்குள் அடுத்த வரி வந்துவிடும், அமுங்கினதற்கு மேலேயே அமுங்கி, சஸ்பென்ஷன் படிப்படியாகக் கீழே போய் பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். முதுகெலும்பு வரைக்கும் தெரியும், யாரும் 80ல் போகமாட்டார்கள். ஆனால் சக்கரம் தரையைத் தொடுகிற நேரமும் குறைந்துபோகும். சக்கரத்தைத் தரையில் வைத்திருப்பதுதான் என் வேலையே. அதற்குக் கை போகவில்லை.

நான் நன்றாகச் செய்த வேலையிலும் அந்த வேகத்தில் சக்கரம் ஒழுங்காகத் தரையில் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. வரி விழுந்த ரோட்டில் ஒரு வேகத்துக்கு மேல் போனால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டு நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். அதனால்தான் சுகம். உள்ளே இருப்பவருக்கு ரோடு நன்றாகிவிட்டது போலத் தெரியும், டயருக்குப் பிடிமானம் குறைந்துபோயிருக்கும். 40லிருந்து 80க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. இதை அந்தப் பெரியவர் எந்தக் கணக்கும் போடாமல் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார், அதவிட நல்லா ஆகாது?

இப்போது வண்டி கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்கிறேன், பிரேக்கும் டயரும் மாறவில்லை, உயரம் கூடியிருக்கிறது, வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. தலையாட்டுகிறார்கள். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற மோசமான பாதையில் நானே 70ல் ஓட்டி, பார்த்தீர்களா, ஒன்றும் தெரியவில்லை பாருங்கள் என்று காட்டியிருப்பேன். அதை நிறுத்தவில்லை. ஓட்டிக் காட்டாமல் இந்த வேலை விற்காது, வாய்ப்பேச்சில் ஷாக்கின் அருமையை யாருக்கும் புரியவைக்க முடியாது. தவிர, குலுங்குகிற வண்டியில் போனவர்கள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அலுத்துப் போன ஷாக்கோடு வளைவில் விலகிப் போன வண்டிகளையும் இழுத்து வந்து பார்த்திருக்கிறேன்.

அந்த மகன் போன வாரம் எழுதியிருந்தார். 2.5 அங்குல விட்டமுள்ள ஷாக்கும் ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப்பும் போட எவ்வளவு ஆகும் என்று. இடிப்பது இன்னும் நிற்கவில்லையாம். வண்டிக்குப் பொருந்துகிற சாமான்தான், கேள்வியில் தப்பில்லை. பதிலில் முன் டிஸ்க், பேட், பிரேக் ஹோஸ் மூன்றையும் சேர்த்து, இதைச் செய்தால்தான் அதைப் போடுவேன் என்று எழுதி அனுப்பினேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லையே அண்ணே, அது எதற்கு என்று பதில் வந்திருக்கிறது.