வாங்கில் ஏறிய எண்

எங்கள் பௌதிக சேர் போன வருசம் யாழ்ப்பாணத்தில் காலமானார். ரொறன்ரோவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய பிரம்பைப் பற்றித்தான் பேசினார்கள். சரி, பேசவேண்டிய பிரம்புதான். நான் அவருடைய வெள்ளிகளை, வானத்து விண்மீன்களைப் பற்றி எழுதுகிறேன்.

1975 ஓகஸ்ட் 30, சனிக்கிழமை. நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டுச் சைக்கிளில் திரும்பிய சேர், சிக்னஸ் என்ற விண்மீன் கூட்டத்தில், தெனெப் என்ற பிரகாசமான வெள்ளிக்குக் கிட்ட ஒரு வெள்ளி புதிதாக நிற்பதைக் கண்டார். மறுநாள் ஞாயிறு, தந்திக் கந்தோர் பூட்டு. திறந்திருந்தாலும் பிந்தித்தான் போயிருப்பார். ஜப்பானில் மினோரு ஹொண்டா அதை வெள்ளிக்கிழமையே பிடித்துவிட்டார். இன்று அதன் பெயர் வி1500 சிக்னி. எரிந்து முடிந்து சுருங்கிய ஒரு வெள்ளி, வெண்குறுமீன், தன் துணை வெள்ளியிடமிருந்து இழுத்த வாயு, தன் மேலே குவிந்து குவிந்து வெடித்த நோவா.

ஞாயிறு இரவே அக்கம்பக்கத்துப் பொடியள் எங்களை மைதானத்துக்குக் கூப்பிட்டார். ரோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, ஆளுக்கொரு கொப்பி தந்து, ஒருவன் சொல்வது மற்றவன் காதில் விழாத தூரத்தில் நிறுத்தினார். வெளிச்ச அளவில் தெனெப் 1.25, அதே கூட்டத்துச் சாதிர் 2.2. இந்த இரண்டுக்கும் நடுவில் புதியது எங்கே நிற்கிறது என்று கண் மட்டிட்டு எழுதவேண்டும். எண் சிறிதென்றால் வெளிச்சம் கூட. ஒவ்வொரு இரவும் எண் ஏறிக்கொண்டு போனது. ஒரு கிழமையில் வெறுங்கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது.

அந்தப் புழுகத்தில் தை மாதம் அல்கோல் என்ற வெள்ளியைப் பார்க்கப் போனேன். அது 2.87 நாளுக்கு ஒருமுறை, மங்கலான துணை வெள்ளி குறுக்கே வரும்போது 2.1 இலிருந்து 3.4 வரை மங்கும் சோடி. நான் 3.4 என்று எழுதினேன். சேர் கொப்பியை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

“நீர் வெள்ளியைப் பாக்கேல்லை, புத்தகத்தைப் பாத்தனீர். ஏறும் வாங்கில.”

நான் பார்த்துத்தான் எழுதினேன். வீட்டு விறாந்தையில் பனிக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். அந்தப் பாடம் முடியும்வரை வாங்கில், பெஞ்சுக்கு மேலே, நின்றேன். பின்வரிசையில் சிரித்தவர்கள் இந்த அஞ்சலி மலரை வாசிப்பார்கள் என்பது தெரியும்.

அப்புறம் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், கலவரம், விமானம். நாங்கள் போனோம், சேர் இருந்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவருடைய குறிப்பேடுகள் வீட்டோடு போயின. திரும்பி வந்து புதுக் கொப்பி தொடங்கினார். எனக்கு இங்கே பத்து அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. 2023 மேயில் எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில் ஜப்பானியர் இட்டகாகி கண்டுபிடித்த சூப்பர்நோவாவை, வெடித்த பெருவெள்ளியை, என் கொல்லையிலிருந்தே பார்த்தேன். அவருக்குக் கடைசிவரை ஒரு பழைய பைனாகுலர்தான். வாங்கி அனுப்பியிருக்கலாம். கேட்டால் வேண்டாமென்பார் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

2008 மார்ச் 19, கொழும்பில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் மறைந்து சில மணித்தியாலங்களுக்குள் பூட்டீஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் திசையில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு. சுமார் 750 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி, அரை நிமிடமளவு வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய பிரகாசம். சிலியில் தானியங்கிக் கமராக்கள் அதைப் பிடித்தன. ரொறன்ரோவில் அப்போது அதிகாலை இரண்டு மணி தாண்டி, பூட்டீஸ் நல்ல உயரத்தில். விசயம் தெரிந்து சேர் போன் எடுத்தார். “உம்மடை தலைக்கு மேலதான் நடந்திருக்கு. என்ன செய்தனீர்?” நித்திரை என்றேன். “கனடா போய் நல்லாத்தான் நித்திரை கொள்ளுறீர்.”

2020 ஜனவரியில் மறுபடி அழைப்பு. திருவாதிரை மங்கியிருந்தது. வழக்கமாக 0.5 அளவில் நிற்பது, பக்கத்து வெள்ளியான பெலாட்ரிக்சின் 1.6 அளவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது கக்கிய தூசியின் மறைப்பு என்று பிறகு சொன்னார்கள்.

“உம்மடை எண் என்ன?”

“1.4, சேர்.”

“நான் 1.6 எழுதியிருக்கிறன். எனக்காக உம்மடையை மாத்தாதையும்.”

வாங்கு விசயத்தைக் கேட்க அதைவிட நல்ல நேரம் வந்திராது. மழை பெய்ததா, சுகமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த 1975 கொப்பிகளில் ஒன்றாவது யாரிடமாவது கிடந்தால் படமெடுத்து அனுப்புங்கள். அமெரிக்க மாறொளி விண்மீன் அவதானிகள் சங்கம் பழைய அவதானிப்புகளையும் ஏற்றுக்கொள்கிறது. சேரின் பெயரில் சேர்க்கலாம். அல்கோல் பக்கமும் கிடைத்தால் விடாமல் அனுப்புங்கள். அது என் பெயரில் போகவேண்டும்.