பழைய ஃபோர்ட்ரான் கோடில் உடனே கை வைக்காதீர்கள்

புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் கடலைப் படிக்கும் மாணவர்கள் கைக்கு ஃபோர்ட்ரான் 77 என்ற பழைய கணினி மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்று வந்து சேர்வது உண்டு. ஓதக் கணக்கு, அலைக் கணக்கு, மணல் நகர்வு என்று ஏதாவது இருக்கும். ஃபைலைத் திறந்ததும் கோடை அழகுபடுத்தத்தான் கை பரபரக்கும். அதை ஒத்திப்போடுங்கள். பழைய கம்பைலர் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் மென்பொருள்) எதையெல்லாம் சொல்லாமலே செய்ததோ, அதைப் புதிய கம்பைலருக்கு ஆப்ஷன் மூலம் சொல்லிவிட்டால் போதும். பெரும்பாலும் ஒரு வரிகூட மாற்றாமலே ஓடிவிடும்.

ஃபைல் இன்னும் ஃப்ளாப்பியில் இருந்தால் முதலில் காப்பி எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதில் பூஞ்சை பிடிக்கும். மூல ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். உபுண்டுவில் ஏபிடி மூலம் ஜிஃபோர்ட்ரான் என்ற இலவச கம்பைலரைப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உள்ளே அதையே போடுவதுதான் தொல்லை குறைவு.

ஃபைல் பெயர் .எஃப் என்று முடிந்தால் கம்பைலர் வரியில் எது எந்த இடத்தில் என்று கட்டுப்பாடுள்ள பழைய வடிவமாகப் படிக்கும்; .எஃப்90 என்று முடிந்தால் புதிய வடிவம். பெயரை .எஃப்90 என்று மாற்றினால், சி எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு குறிப்பு வரியும் பிழையாக வந்து விழும்.

பழைய வடிவத்தில் ஒரு வரி 80 எழுத்து இடம் கொண்ட பஞ்ச் கார்டின் அளவு. 1 முதல் 5 வரை லேபிள் எண், 6-ல் தொடர்ச்சிக் குறி, 7 முதல் 72 வரை கட்டளை. 73 முதல் இருப்பதைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. அது கார்டின் வரிசை எண்ணுக்கான இடம். எடிட்டர் டேபை 4 ஸ்பேஸாக மாற்றினால் கட்டளை 5-ம் இடத்தில் தொடங்கி, லேபிளில் எண் அல்லாத எழுத்து என்ற பிழை வரும். அது நல்ல பிழை, கண்ணில் படும்.

கண்ணில் படாதது 72-ல் நடக்கும் வெட்டு. பிரதான நிலவு ஓதத்தின் சுற்று 12.4206 மணி. அந்த எண்ணில் முடியும் வரியை யாரோ அழகுக்காக மூன்று இடம் உள்ளே தள்ள, 206 வெளியே போய் 12.4 மட்டும் மிஞ்சியது என்று வையுங்கள். கம்பைல் ஆகும், ஓடும். ஆனால் 30 நாள் கணக்கில் அந்த ஓதம் 1 மணி 10 நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும். கடலூர் முதுநகரில் படகு வைத்திருப்பவரிடம் அந்த அட்டவணையைக் காட்டினால் சிரிப்பார்! கம்பைலருக்கு -டபிள்யூஆல் ஆப்ஷனைக் கொடுத்தால் இந்த வெட்டுக்கு எச்சரிக்கை வரும். வரி நீளத்தை 132 ஆக்கும் ஆப்ஷனும் உண்டு. ஆனால் 73 முதல் உண்மையிலேயே வரிசை எண்கள் இருந்தால் அவையும் கட்டளையோடு ஒட்டிக்கொள்ளும், பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் முதல் கட்டளை:

ஜிஃபோர்ட்ரான் -எஸ்டிடி=லெகஸி -எஃப்நோ-ஆட்டோமேட்டிக் -டபிள்யூஆல் -ஜி ஓதம்.எஃப் -ஓ ஓதம்

டைப் செய்யும்போது டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. லெகஸி இல்லாவிட்டால், 2020-ல் வந்த ஜிசிசி 10 (ஜிஃபோர்ட்ரான் அடங்கிய தொகுப்பு) முதல், சப்ரொட்டீனுக்கு (தனியே எழுதி அழைக்கும் துணைப் பகுதி) ஓரிடத்தில் முழு எண்ணும் இன்னோரிடத்தில் தசம எண்ணும் அனுப்பும் பழைய பழக்கம் பிழையாகிவிடும்.

நோ-ஆட்டோமேட்டிக்தான் இதில் உயிர்நாடி. டாஸ் காலத்துக் கம்பைலர்கள் பல, சப்ரொட்டீனின் மாறிகளை நிலையான நினைவகத்தில் வைத்தன; முந்தைய அழைப்பின் மதிப்பு அப்படியே இருக்கும். அதை நம்பி எழுதிய கோடு ஏராளம். இன்று அந்த மாறிகள் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் போவதால் குப்பை மதிப்போடு தொடங்கும். ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறதா? ஒரு ரைட் வரி சேர்த்ததும் விடை சரியாகிறதா? இதுதான் காரணம்.

வரிசையின் (அர்ரே) எல்லை மீறலைச் சோதிக்க -எஃப்செக்=பவுண்ட்ஸ் போட்டால், 1 என்று அளவு அறிவித்த வரிசைகளில் எல்லாம் ஓட்டம் நின்றுபோகும். சப்ரொட்டீனுக்கு வரும் வரிசையை 1 என்று அறிவிப்பது அந்தக் காலத்து வழக்கம், உண்மைப் பிழை அல்ல. கோடைத் தொட வேண்டிய அபூர்வ இடம் இது: அந்த 1-ஐ நட்சத்திரக் குறியாக மாற்றுங்கள்.

பைனரி டேட்டா ஃபைலில் ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் அதன் நீளம் 4 பைட்டில் இருக்கும். பழைய சன் ஒர்க்ஸ்டேஷனில் எழுதியது என்றால் பைட் வரிசை தலைகீழ்: 80 என்ற நீளம் நம் பிசியில் 1342177280 என்று தெரியும். -எஃப்கன்வெர்ட்=பிக்-எண்டியன் போட்டால் தீர்ந்தது.

எல்லாம் சரியாகியும் பழைய பிரிண்ட்அவுட்டோடு கடைசி ஒன்றிரண்டு இலக்கம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். 4 பைட் தசம எண்ணுக்குச் சுமார் 7 இலக்கத் துல்லியம்தான். அன்றைய பிசியின் 8087 கணக்குச் சிப் இடைக்கணக்கை 80 பிட்டில் செய்தது, இன்றைய கம்பைலர் 32 பிட்டிலேயே முடிக்கிறது. இதற்காக எல்லாத் தசம எண்களையும் 8 பைட்டாக்கும் ஆப்ஷனைப் போட்டுவிடாதீர்கள். புரோகிராம் ஓர் எண்ணுக்கு 8 பைட் கேட்கும், பழைய பைனரி ஃபைலில் இருப்பதோ 4.