கிணத்துமேட்டில் ரிகர்வ் வில்: இதுவரை

வில் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பவுண்டு?" 45, 50 என்றால் மரியாதை. 30 என்றதும் முகம் சப்பென்று ஆகிவிடும். நான் வாங்கியது 30தான். குறிபார்க்க உதவும் சைட், ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர், இழுப்பு முடிந்ததைச் சொல்லும் கிளிக்கர் எதுவும் இல்லாத பாரம்பரிய ரிகர்வ், அதாவது முனைகள் எதிர்ப்பக்கமாக வளைந்த வில். நடுவில் மரத்தாலான ரைசர் என்கிற கைப்பிடிப் பகுதி, மேலும் கீழும் லிம்ப் என்கிற வளையும் பகுதி ஒவ்வொன்று, ஒரு நாண், அவ்வளவே. காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் சித்திரையில் பழக ஆரம்பித்தேன். இதுவரை பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

வில்லின் மேல் எழுதியிருக்கும் பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுத்தால் விரலில் விழும் எடை. ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய 2 பவுண்டு மாறும். நம் இழுப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபக் கணக்கு உண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுக்க வேண்டும். எனக்கு 67.5 அங்குலம் வந்தது. அப்படியானால் இழுப்பு 27. ஆக, 30 பவுண்டு வில் என் கையில் 28 பவுண்டு வில்தான். நீளம் 62 அங்குலம். இதைவிடக் குட்டையான வில்லில் முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடிந்து விரல்களை நசுக்கும்.

குறைந்த எடையை எடுத்ததற்குக் காரணம் முதுகு. வில்லைக் கையால் இழுப்பதாகத்தான் எல்லாரும் நினைப்போம். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும்போதுதான் இழுப்பு நிலைக்கும். 50 பவுண்டை ஒருமுறை இழுத்துக் காட்ட வாட்டசாட்டமான ஆள் யாராலும் முடியும். இழுத்து, தாடையில் பதித்து, கை நடுங்காமல் நிறுத்தி, பிறகு நாணை விட வேண்டுமே. டேக்டவுன் வகையாக வாங்கியதும் அதனால்தான். திருகைக் கழற்றி லிம்பை மட்டும் மாற்றினால் அதே ரைசரில் பிற்பாடு பவுண்டை ஏற்றிக்கொள்ளலாம்.

எங்கள் மாமா வில்லைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, ஓரி பரம்பரைங்களா?" என்றார். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகச் சங்கப் பாட்டு இருக்கிறதே, அதைச் சொல்கிறார். அந்த வில் எத்தனை பவுண்டு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு வேறு கணக்கு. "தம்பி, மயிலு தொந்தரவு தாங்க முடியல. ரெண்டைச் சாச்சு உடு கண்ணு." ஜெயிலுக்குப் போறதுக்கு நான் வில்லு வாங்கலைங்கண்ணா என்றேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மயில் மட்டுமல்ல, முயலுக்கும் கவுதாரிக்கும்கூட வில்லைத் தூக்க முடியாது. இது இலக்குப் பலகைக்கான விளையாட்டு, அதோடு சரி.

இலக்குக்குக் கடைகளில் விற்கும் ஃபோம் பலகையின் விலையைப் பார்த்ததும் திருப்பூர் ஞாபகம் வந்தது. பனியன் கட்டிங் வேஸ்ட்! கோணிச்சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, உலக்கையால் இடித்து இடித்து நிரப்பினேன். முழுப் பருத்தி வேஸ்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். லைக்ரா கலந்தது அம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பட்டன், ஜிப் கிடந்தால் பொறுக்கி எறிய வேண்டும். நன்றாக இடித்த சாக்கில் அம்பு அரையடி போய் நிற்கும், இரண்டு விரலில் உருவிவிடலாம். இடி போதாத இடத்தில் இறகுவரை உள்ளே போய்விடும். சாக்கின் கீழ்ப்பாதிக்குத் துணி தானாக இறங்குவதால் மாதம் ஒருமுறை தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறேன்.

சாக்குக்குப் பின்னால் கிணறு வெட்டிய மண்மேடு. குறி தப்பினாலும் அம்பு அதைத் தாண்டாது. ஆனால் எங்கள் ஊர்க் கிணத்துமேடு மண்ணாகவா இருக்கும்? பாதி கல். கார்பன் அம்பு கல்லில் பட்டால் வெளியே தெரியாத கீறல் விழும். அடுத்த தடவை எய்யும்போது சிம்பு சிம்பாகப் பிளந்து வில் பிடித்த கையில் ஏறிவிடும். அதனால் கல்லில் பட்ட அம்பை இரு முனையிலும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேட்கிறேன். 'கிர்' என்று மெல்லிய சத்தம் வந்தாலே உடைத்துப் போட்டுவிடுவது. பிறகு பொள்ளாச்சியிலிருந்து தடியான தென்னைநார்ப் பாய் வாங்கி மேட்டில் சாத்தியபின் அம்புச் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஆடு மாடு உள்ளே வராமல் கடவுப் படலைச் சாத்திவிட்டுத்தான் வில்லையே எடுப்பது.

நாண் பூட்டுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்ட்ரிங்கர் கயிறு வாங்கிவிடுங்கள். தொடைக்கு நடுவில் வில்லை விட்டு வளைத்துப் பூட்டுவதைப் பார்க்க வீரமாக இருக்கும், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். பூட்டிய வில்லில் நாணுக்கும் கைப்பிடியின் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளிதான் பிரேஸ் ஹைட். 62 அங்குல வில்லுக்கு ஏழரையிலிருந்து எட்டேகால் அங்குலத்துக்குள் சொல்வார்கள். நாணைக் கழற்றி முறுக்கேற்றினால் கூடும், முறுக்கைக் குறைத்தால் குறையும். என் வில் ஏழே முக்காலில் சத்தம் அடங்கி 'தும்' என்று ஒலித்தது, அங்கேயே விட்டுவிட்டேன். புது டாக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண் முதலில் கொஞ்சம் நீளும், அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

இனி அம்பு. ரிகர்வில் பணமும் பொறுமையும் போக வேண்டிய இடம் இதுதான். வில்லைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்டதைவிட அம்பைத் தேர்ந்தெடுக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. விரலிலிருந்து நாண் வழுகும்போது அது நேராகப் போவதில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் போகிறது. அந்தத் தள்ளலிலும் பின்னாலிருந்து வரும் அழுத்தத்திலும் அம்பு வளைந்து, ரைசரைச் சுற்றி நெளிந்து, சாரைப்பாம்பு வேலியைத் தாண்டுவதுபோல் வெளியேறுகிறது. எவ்வளவு வளையும் என்பதைத்தான் ஸ்பைன் எண் சொல்கிறது. 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது எத்தனை அங்குலம் தொய்கிறது என்று அளக்கிறார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் பெரிதானால் அம்பு இளக்கம், சிறிதானால் விறைப்பு.

எடுத்த எடுப்பில் டஜன் கணக்கில் வாங்காமல் 600, 700, 800 என்று ஒவ்வொன்றிலும் ஓரிரண்டை, 30 அங்குல முழு நீளத்தில், வாங்கினேன். ஒவ்வொரு ஸ்பைனிலும் ஒரு அம்பில் இறகு ஒட்டவில்லை. இறகு அம்பின் போக்கைத் திருத்திவிடும். இறகில்லாத அம்பு உள்ளதை உள்ளபடி காட்டிக்கொடுக்கும். வலக்கைக்காரருக்கு இறகில்லாத அம்பு இறகுள்ளதைவிட இடப்பக்கம் போய்க் குத்தினால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் போனால் இளக்கம். 15 மீட்டரிலிருந்து எய்ததில் 600 நன்றாக இடப்பக்கம் போனது. 800 வலப்பக்கம் போய்ச் சாக்கின் ஓரத்தைப் பிடித்தது. 700 கிட்டத்தட்டச் சரி, ஒரு சாண் மட்டும் இடம். தண்டை வெட்டினால் விறைப்பு இன்னும் கூடும், எனக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. முனையின் கனத்தைக் கூட்டினால் அம்பு இளகும் என்பதால் 100 கிரெயின் (ஆறரை கிராம்) முனையைக் கழற்றி 125 போட்டேன். இறகில்லாத அம்பு வந்து இறகுள்ளதற்குப் பக்கத்தில் குத்தியது. இரண்டு தண்டுக்கும் நடுவில் என் கட்டைவிரல் நுழைந்தது. வாங்கியதிலிருந்து இந்த வில் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அது. அதற்குப் பிறகுதான் அதே அளவில் மீதியை வாங்கினேன். முனை, நாணில் மாட்டும் நாக், இறகு எல்லாம் சேர்த்து ஓர் அம்பு ஏறக்குறைய 360 கிரெயின், அதாவது 23 கிராம். வில்லின் பவுண்டு ஒன்றுக்கு 8 கிரெயினுக்குக் குறைந்த அம்பை இம்மாதிரி வில்லில் நான் ஏற்றமாட்டேன். மிக லேசான அம்பை எய்வது வெறும் நாணை விடுவதற்குச் சமம், லிம்ப் பிளந்துவிடும். அம்பே இல்லாமல் இழுத்து விடுவது கூடவே கூடாது; பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்யத் துடிப்பதும் அதைத்தான்.

இறகு விஷயம் இன்னொன்று. அம்பைத் தாங்கும் ரெஸ்ட் எதுவும் வைக்காமல் ரைசரின் திட்டில் வைத்தே எய்கிறவர்களுக்கு, இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேன் சரிப்படாது. திட்டில் இடித்து அம்பைத் தூக்கிவிடும். உண்மையான இறகு மடங்கிக்கொடுத்துப் போகும். இறகின் முன்முனைத் தண்டு மட்டும் கூராக நீட்டிக்கொண்டிருந்தால் வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் மேட்டைக் கீறும். ஒரு சொட்டுப் பசை வைத்து மூடினால் தீர்ந்தது.

எய்யும் முறை: நாணை மூன்று விரலின் முதல் மடிப்பில் மாட்டி, ஆள்காட்டி விரல் வாயோரத்தைத் தொடும்வரை இழுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடம். ஆரம்பத்தில் நாலடி தூரத்தில் நின்று, குறி ஏதும் இல்லாத சாக்கில், கண்ணை மூடிக்கொண்டு எய்வதை மட்டும் பழகினேன். சலிப்பான வேலைதான். ஆனால் விரல் நாணை 'விடுவதில்லை', தளர்ந்தால் நாண் தானாகப் போகிறது என்பது அப்போதுதான் உடம்புக்குப் பிடிபட்டது.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. தாராபுரம் ரோட்டில் காற்றாலை எல்லாம் சுழல்கிற சுழற்சியில் 20 மீட்டரிலேயே அம்பு ஓர் உள்ளங்கை அகலம் தள்ளிப் போகிறது. இறகு பெரிதாக இருப்பதால் காற்று இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. விடிந்ததும் ஒரு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும், அந்நேரத்துக்கு மாறிக்கொண்டேன். வெயில் காலத்துக்கும் ஒன்று: வில்லைக் காரில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. கண்ணாடி மூடிய காரின் சூட்டில் லிம்பின் அடுக்குகளை ஒட்டிய பசை விட்டுவிடும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) நிழலான சுவரில் இரண்டு ஆணி அடித்து, நாணைக் கழற்றிவிட்டு, படுக்கை வாக்கில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது 15 மீட்டரில் அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. 20-இல் தட்டு தாம்பாளம் ஆகிவிடுகிறது. முதுகு பழகிவிட்டதால் 35 பவுண்டு லிம்ப் வாங்கலாமா என்று கை அரிக்கிறது. தை வரைக்கும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். லிம்ப் மாறினால் இந்த 700 தண்டெல்லாம் இளக்கமாகிவிடும், 600-ஐ எடுத்து இறகில்லாமல் எய்து பார்ப்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.